வாசல் வரை வந்த மருத்துவம்: குமரி மாவட்டத்தின் 200 வருடக் கதை

1/
ஒக்கி புயல் நினைவு நாள் வரும்போதெல்லாம் ஒரு அம்மச்சியின் முகம் எனக்கு ஞாபகம் வரும். அவங்களைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. இன்னைக்கு எழுதுறேன். கூடவே நம்ம மாவட்டத்தின் ஒரு பழைய கதையையும் சொல்றேன். நீண்ட இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா வாசிங்க மக்களே.

2/
2017 நவம்பர் 30. விடியும்போதே காற்று பேயாட்டம் ஆடுது. ரப்பர், வாழை, தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடக்கு. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்ததால் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. நான் அப்போ வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத எம்பிபிஎஸ் டாக்டர், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

3/
முதல் இரண்டு நாள் முழுக்கக் காயங்கள்தான். ஓடு விழுந்து தலையில் அடி, மரம் அறுக்கப் போய்க் காலில் வெட்டு, ஆணி குத்தினது. தையல் போட்டுப் போட்டுக் கை மரத்துப் போச்சு. "புயல் நோயாளிகள்னா இவங்கதான்" என்று நினைச்சேன். அது தப்புன்னு நாலாவது நாள் தெரிஞ்சது.

4/
நாலாவது நாள் ஒரு அம்மச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க. மூச்சு வேகமா வாங்குது, நினைவு தடுமாறுது. சுகர் மெஷினில் எண்ணே வரல, 'ஹை' என்று மட்டும் காட்டுது. பல வருஷமா இன்சுலின் போடுறவங்க. ஏன் போடலன்னு கேட்டேன். மகள் சொன்னாங்க: "கறண்டு போச்சுல்லா சாரே. பிரிட்ஜுல இருந்த மருந்து கெட்டுப் போயிருக்கும்னு அம்மை தூரக் களைஞ்சிட்டா."

5/
முதலுதவி கொடுத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். வழியெல்லாம் மரம். அம்மச்சி போய்ச் சேரல.

அவங்க வீடு எங்க சுகாதார நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர்தான். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பாட்டிலை ஈரமான மண்பானைக்குள் வைத்தால் சில வாரம் தாங்கும். இந்த ஒரு வாக்கியத்தை அவங்களுக்கு யாரும் சொல்லலை. நானும் சொல்லலை.

6/
அதே வாரம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் வேற ஒரு காட்சி. அங்கே இருந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா ஒரு பழைய நோட்டு வைத்திருந்தாங்க. பிரசவத் தேதி நெருங்கின பெண்கள், இன்சுலின் போடுறவங்க, வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்க, தனியா இருக்கிற வயசானவங்க, எல்லார் பேரும் வீட்டு அடையாளத்தோட அதில் இருக்கு. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு வீடா நடந்தாங்க. அவங்க பகுதியில் மருந்து நின்னுபோய் யாரும் எங்ககிட்ட வரலை.

7/
ஒரே புயல், ஒரே காற்று. இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் ஒரு நோட்டும், அதைத் தூக்கிட்டு நடந்த ஒரு ஆளும்தான்.

அதுக்கப்புறம் நம்ம மாவட்டத்தின் மருத்துவ வரலாறைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பிச்சேன். ஆச்சரியம் என்னன்னா, 200 வருஷமா இங்கே திரும்பத் திரும்ப நடந்தது இதே கதைதான். மருந்து இருக்கும். அது வாசல் வரைக்கும் போச்சா இல்லையா என்பதில்தான் உயிர் இருக்கும்.

8/
முதல் காட்சி, 1813. நம்ம ஊர் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம். அரியணையில் ராணி கௌரி லட்சுமி பாய், ரெசிடெண்டாக கர்னல் மன்றோ. எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைத் தடுப்பூசியை வெளியிட்டு 15 வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இங்கே தடுப்பூசிக்கென்று தனி ஏற்பாடு வந்துவிட்டது. ஜனங்களின் பயம் தெளியணும்னு அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டார்கள்.

9/
ஆனால் அரண்மனையில் குத்தினது குடிசைக்குப் போகணுமே? அன்றைய முறை என்ன தெரியுமா? ஒரு குழந்தையின் கையில் குத்திய இடத்தில் கொப்புளம் வரும். அதிலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கையிலிருந்து கைக்கு.

தோள்சீலை போட்டதற்காகப் பெண்களை அடித்த காலம் அது. எந்தச் சாதிக் குழந்தையின் நீர் எந்தச் சாதிக் குழந்தைக்கு? யார் யார் வீட்டு வாசலில் ஏறலாம்? மருந்தைத் தடுத்ததில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, சாதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

10/
1879-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா ஓர் அறிவிப்பு போட்டார். அரசு ஊழியர்கள், சிறைக் கைதிகள், மாணவர்கள், எல்லாரும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ளணும். கவனிங்க. மூன்றும் அரசாங்கத்தின் கைக்கு எட்டுகிற இடங்கள்: அலுவலகம், சிறை, பள்ளிக்கூடம். வயலில் நடவு நடும் பெண்ணும் கடலுக்குப் போகும் மீனவரும் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எட்டின இடம் வரைக்கும் எட்டினது. மீதி இடத்துக்கு ஆள்தான் நடக்கணும்.

11/
இரண்டாவது காட்சி, நெய்யூர். 1838-ல் லண்டன் மிஷன் சங்கத்தின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில வருஷத்திலேயே அது நின்னுபோச்சு. அடுத்து 1850-களில் டாக்டர் சார்லஸ் லெய்ச் வந்தார். 1854-ல் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்துபோனார். மறுபடியும் பணி நின்றது.

ஒரே ஒரு டாக்டரை நம்பி நிற்கும் மருத்துவம் அந்த டாக்டரோடயே போயிடும். நெய்யூர் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றது.

12/
1861-ல் வந்த டாக்டர் ஜான் லோவ் அதைப் புரிந்துகொண்டவர். அவர் வந்த சமயம் தெற்குத் திருவிதாங்கூர் பஞ்சத்திலும் காலராவிலும் அடிபட்டிருந்தது. மழை பொய்த்தால் பஞ்சம், பஞ்சத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காமல் காலரா. 'காலநிலையும் ஆரோக்கியமும்' என்று இன்னைக்கு நாம கருத்தரங்கம் போடுற விஷயத்தை அன்றைய ஜனங்கள் வயிற்றால் தெரிஞ்சுகிட்டாங்க.

13/
லோவ் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்றுக்கொடுத்தார். படித்து முடித்தவர்களைச் சுற்று ஊர்களில் இருந்த கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். நோயாளி நெய்யூருக்கு வரவேண்டியதில்லை, நெய்யூர் நோயாளியின் ஊருக்குப் போச்சு. போனவர்கள் அதே தமிழ் பேசுறவங்க, அதே கஞ்சி குடிச்சவங்க. இரண்டு தடவை நின்றுபோன பணி அதற்கப்புறம் நிலைச்சதுக்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

14/
1893-ல் நாகர்கோவிலில் இன்னொரு தொடக்கம். சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் ஒரு குளியலறையில் மருந்தகம் திறந்தார். ஆமாம், குளியலறையில்தான்! அதிலிருந்து வளர்ந்ததுதான் வடசேரி கேத்தரின் பூத் மருத்துவமனை.

அடுத்த தலைமுறையில் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன அறுவை சிகிச்சை நிபுணர். இறங்கினதும் ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே பல வருஷம் வேலை பார்த்தார்.

15/
மூன்றாவது காட்சி, கொக்கிப்புழு. 1928-ல் சமஸ்தானத்தின் அழைப்பில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் ஜேகாக்ஸ் வந்தார். சோதித்துப் பார்த்தால் ஜனங்களிடம் கொக்கிப்புழு மிகப் பரவலாக இருக்கு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. மழையும் நிழலும் ஈரமும் உள்ள நம்ம மண்ணு அதுக்குச் சொர்க்கம்.

16/
மாத்திரை கொடுத்தால் புழு போயிடும். ஆனால் திறந்தவெளியில் மலம் கழித்து, அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் திரும்ப வரும். அதனால் மருந்தோடு சேர்த்துக் கக்கூஸ் கட்டணும் என்றும் சொல்ல வேண்டி வந்தது. மேஜிக் லாந்தரில் படம் காட்டிச் சொற்பொழிவு நடந்தது. சுகாதாரத் துறை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து பிரிந்து 1930-களில் தனித் துறையாக உருவானது இந்தப் பின்னணியில்தான்.

நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவர் கால் வைக்கும் மண்ணையும் பார்க்கணும் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு வந்த கட்டம் இது.

17/
இதே வரிசையில் ஆஸ்பத்திரி அல்லாத ஒன்றையும் சேர்க்கணும். பேச்சிப்பாறை அணை. பொறியாளர் மிஞ்சின் முன்னின்று கட்டி, 1906-ல் முடிந்தது. குளங்களையும் கால்வாய்களையும் நம்பியிருந்த நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மழை தவறினாலும் தண்ணீர் வர ஒரு வழி பிறந்தது. என்னைக் கேட்டால் அதுவும் ஒரு மருத்துவப் பணிதான். பட்டினி கிடக்கும் உடம்பில் காலராவுக்கு வேலை சுலபம்.

18/
1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர் என்ற அமைப்பு படிப்படியாக வேர்விட்டது.

பெரியம்மையை ஒழித்ததும் இதே வழிதான். கடைசிக் கட்டத்தில் ஊழியர்கள் அம்மை வந்த குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இப்படி யாருக்காவது இருக்கா?" என்று நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்டார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

19/
இந்த இடத்தில் குமரியைத் தாண்டி ஒரு எட்டு போயிட்டு வருவோம்.

1971. வங்கதேசப் போர் அகதிகள் முகாம், மேற்கு வங்கத்தின் பன்காவ். காலரா பரவுது, குளுக்கோஸ் பாட்டில் தீருது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா கலந்த கரைசலை டிரம்மில் கலக்கி, குடும்பத்தினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. டாக்டர் கையில் இருந்த வைத்தியம் தாயின் கைக்குப் போனதால் பிழைத்த உயிர்கள்!

20/
1995, அமெரிக்காவின் சிகாகோ. ஒரு வாரம் கடும் வெப்ப அலை. 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். பின்னால் ஆராய்ந்தபோது, ஒரே அளவு ஏழ்மை உள்ள பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில்கூட இறப்பு வித்தியாசமாக இருந்தது தெரிந்தது. கடைகளும் நடமாட்டமும் இருந்து, அக்கம்பக்கத்தார் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்ட தெருக்களில் இறப்பு குறைவு.

நம்ம நாட்டில் அகமதாபாத் 2010 வெப்ப அலையில் அடிபட்ட பிறகு, 2013-ல் வெப்பச் செயல் திட்டம் போட்டது. தெற்காசியாவில் அதுதான் முதல்.

21/
"நமக்கென்ன சாரே, இங்க கடல் காத்து உண்டுல்லா?" என்று கேட்பீங்க. நம்ம பிரச்சனை புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. தெர்மாமீட்டர் 34 காட்டும், உடம்புக்கு அதைவிட மோசமாக இருக்கும்.

தலையில் மீன் சுமந்து தெருத்தெருவா விற்கும் அம்மாக்கள், செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள், தகரக் கூரைக்குள் படுத்திருக்கும் பாட்டாக்கள் இவங்கதான் முதலில் விழுவாங்க. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

22/
நம்ம ஊருக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 26. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மாவட்டத்தில் சுமார் 800 பேர் இறந்தாங்க. மணக்குடிப் பாலம் பெயர்ந்தது. "இனி முகாம்களில் கொள்ளைநோய் வரும்" என்று எல்லாரும் பயந்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்படிப் பெரிய தொற்று எதுவும் வரலை. அது அதிர்ஷ்டமில்லை. தண்ணீரில் குளோரின், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ சொட்டும், தினமும் முகாமுக்குப் போய் "யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயித்தால போகுது" என்ற விசாரிப்பு. செய்தியில் வராத வேலை. நடக்காமல் போன சாவுக்கு யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க.

23/
13 வருஷம் கழித்து ஒக்கி. நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போறவங்க. போனா திரும்ப நாட்கணக்கு, சிலசமயம் வாரக்கணக்கு ஆகும். எச்சரிக்கை வந்த நேரத்தில் அவங்க எந்தச் செய்தியும் எட்டாத தூரத்தில் இருந்தாங்க. குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தாங்க, காணாமல் போனாங்க. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறையில் ஜனங்கள் ரயிலை மறித்து உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீங்க.

24/
2024 மே 6. கணபதிபுரம் கடற்கரை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. அன்னைக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. எங்கோ தூரக் கடலில் வீசிய காற்றால் எழும்பி, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வந்து அடிக்கும் அலை. நம்ம கரையோர ஜனங்கள் வைத்த பேரைத்தான் இன்று விஞ்ஞானிகளும் பயன்படுத்துறாங்க.

எச்சரிக்கை இருந்தது. அந்த மணலில் நின்ற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தவில்லை. 1854-ல் டாக்டர் லெய்ச்சைக் கொண்டுபோனதும் இந்தக் கடல்தான். 170 வருஷத்தில் நம்ம விஞ்ஞானம் எவ்வளவோ வளர்ந்திருக்கு. கடைசி நூறு அடி தூரம் மட்டும் அப்படியே இருக்கு.

25/
நல்ல செய்தியும் இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்'. மகளிர் சுய உதவிக்குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி நிவாரணம். 2024-ல் ஐ.நா.வின் விருதும் கிடைச்சது.

குறையே இல்லையான்னு கேட்டால், இருக்கு. வேலைக்குப் போறவங்க பகலில் வீட்டில் இருக்க மாட்டாங்க, வாடகை வீடு மாறினால் பேர் விட்டுப்போகும், வடமாநிலத் தொழிலாளர்கள் பேர் பெரும்பாலும் எந்த நோட்டிலும் இருக்காது.

26/
ஆனால் யோசிச்சுப் பாருங்க. அந்த அக்காவின் ஒரு நோட்டு இன்னைக்கு ஒவ்வொரு ஊரிலும் இருக்கு. புயல் எச்சரிக்கை வந்த அன்றே அதை விரித்து, இன்சுலின் போடுறவங்க, டயாலிசிஸ் போறவங்க, பிரசவ நாள் நெருங்கினவங்க யாரு என்று பார்த்து, 2 வாரத்துக்கு மாத்திரை முன்கூட்டியே கொடுத்தால் போதும். பல உயிர் தங்கும். புதுக் கட்டடம் வேண்டாம், புது மெஷின் வேண்டாம்.

27/
அரசாங்கம் செய்யட்டும், நாங்களும் செய்யுறோம். உங்க தெருவில் நீங்க செய்யக்கூடியது:

• கடற்கரை ஊர்களில் அன்பியம் இருக்கு, உள்ளூர்களில் சுய உதவிக்குழு, குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, ஜமாத் இருக்கு. 30 வீட்டுக்கு ஒரு ஆள். யார் வீட்டில் தனியா வயசானவங்க, யார் இன்சுலின், யார் கர்ப்பிணி என்று ஒரு பக்கம் எழுதி வையுங்க. அவங்க சம்மதம் கேட்டு எழுதுங்க.
• மழைக்காலத்துக்கு முன்னாடி 2 வார மாத்திரை கையில் இருக்கட்டும்.
• கரண்ட் போனால் இன்சுலினைத் தூக்கிப் போடாதீங்க. பாலித்தீன் கவரில் சுற்றி, ஈரமான மண்பானைக்குள், வெயில் படாத இடத்தில் வையுங்க. மருந்தில் நிறம் மாறினாலோ கட்டி தட்டினாலோ மட்டும் பயன்படுத்தாதீங்க. சந்தேகம் இருந்தால் ஊசியை நிறுத்தாமல் எங்ககிட்ட வாங்க.

28/
• வெள்ளத்தில் இறங்கி நடந்தவங்களுக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் உடம்பு வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருக்காதீங்க. வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்க.
• வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணற்றில் குளோரின் போடாமல் குடிக்காதீங்க. கொதிக்க வைங்க. ஓஆர்எஸ் பாக்கெட் வீட்டில் நாலு இருக்கட்டும்.
• புழுக்கம் கூடின நாளில் மதியம் ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பாட்டா, அம்மச்சியிடம் "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேளுங்க. வெயிலில் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறுங்க, 108-க்கு அழைங்க.

29/
அம்மை குத்தப் போனவர், லோவின் மாணவர், லாந்தர் தூக்கினவர், தட்டம்மை ஊசியோட முகாமுக்குப் போன செவிலியர், மாத்திரைப் பையோட வரும் தன்னார்வலர் அக்கா. இவங்க யாருக்கும் சிலை இல்லை. பெரும்பாலும் பேர்கூட எழுதி வைக்கப்படலை. ஆனால் நம்ம தாத்தா பாட்டிகள் பிழைத்து, நாம பிறந்து இன்னைக்கு இதை வாசிச்சுட்டு இருக்கிறதில் அவங்களுக்கும் பங்கு இருக்கு.

30/
ஒக்கிக்கு அப்புறம் நான் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் வாரம் ஒரு வேலை செய்வேன். அங்கே உள்ள செவிலியரிடம், தன்னார்வலரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்பேன்: "இதுல பேர் இல்லாதவங்க யாரு?"

அந்த அம்மச்சி பேர் எந்த நோட்டிலும் இல்லை. அதான்.

அடுத்த மழைக்கு முன்னாடி உங்க தெருவில் ஒரு நோட்டு வாங்குங்க மக்களே. பத்து ரூபாய்தான்.


ஒரு அரசு மருத்துவர், கன்னியாகுமரி மாவட்டம்.